கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப் ஆட்டமுறை: கேளுங்கள், சொல்கிறேன்

அயர்லாந்தின் லௌத் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 17 வருடமாக இருக்கிறேன். மகள் இங்குள்ள கிளப்பில் கேலிக் கால்பந்து ஆடுகிறாள்; கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம் அது. மைதானத்தில் கோடு போடுவதிலிருந்து வாசலில் டிக்கெட் சரிபார்ப்பது வரை நானும் கூட நிற்கிறேன். ஆட்டமுறையை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பலர் கேட்டதால் இந்தக் கேள்வி பதில்.

கேள்வி: அண்ணா, முதலிலிருந்து சொல்லுங்கள். போட்டி எப்படி நடக்கும், என்ன மாற்றினார்கள்?

கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப் 1887இல் தொடங்கியது. லெய்ன்ஸ்டர், அல்ஸ்டர், மன்ஸ்டர், கானாட் என்று நான்கு மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி சாம்பியன்ஷிப் உண்டு. நான்கு வெற்றியாளர்களும் அகில அயர்லாந்து அரையிறுதியில் மோதுவார்கள். 2000 வரை ஏறக்குறைய இதுதான் முறை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்றால், குளிரிலும் மழையிலும் செய்த பயிற்சியெல்லாம் 70 நிமிடத்தில் முடிந்துபோகும்.

2001இல் தோற்றவர்களுக்கு இன்னொரு வழி திறந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் ‘பின்கதவு’ என்பார்கள். அந்த வருடமே கால்வே அந்த வழியாக வந்து இறுதியில் மீத்தை வென்றது. 2018, 2019இல் கால் இறுதியை இரண்டு குரூப்பாக மாற்றிப் பார்த்தார்கள். கோவிட் வந்து 2020, 2021இல் பழைய நாக் அவுட் திரும்பியது. 2022இல் லீக்கின் (அணிகளை நான்கு பிரிவாக்கி வருடத் தொடக்கத்தில் நடத்தும் தனிப் போட்டி) கீழ்ப் பிரிவு அணிகளுக்கு டால்ட்யன் கோப்பை தொடங்கியது. 2023 முதல் 2025 வரை 16 அணிகள், நான்கு குரூப். அதையும் கைவிட்டு 2026க்கு வேறு முறை.

எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆட்டத்தில் தோற்றவன் எதை இழக்கிறான்? இதற்குப் பதில் இல்லாத முறையை யார் கொண்டுவந்தாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: குரூப் முறையில் என்ன குறை? ஆட்டம் அதிகம் கிடைத்ததே!

கிடைத்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குரூப்புக்கு 6 ஆட்டம், மொத்தம் 24. அதில் வெளியேறியது குரூப்பின் கடைசி அணி மட்டும், அதாவது நான்கே அணிகள். 16இல் 4 பேரை அனுப்ப 24 ஆட்டமா? முதல் இரண்டிலும் தோற்ற அணிகூட மூன்றாவதில் தப்பிக்க வழி இருந்தது. கூட்டம் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்பேன்.

2025இல் கெர்ரி குரூப்பில் மீத்திடம் 9 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. பின்னர் அதே கெர்ரிதான் அகில அயர்லாந்து சாம்பியனுக்கான சாம் மக்வயர் கோப்பையைத் தூக்கியது. கெர்ரி மேல் தவறில்லை, அருமையான அணி. ஆனால் மீத் அன்று அவ்வளவு நன்றாக ஆடியதற்கு என்ன மதிப்பு கிடைத்தது?

கேள்வி: 2026 முறையை எளிமையாகச் சொல்லுங்கள் சார்.

மாகாணப் போட்டிகள் முடிந்த பிறகு 16 அணிகள், முதல் சுற்றில் 8 ஆட்டம். வென்ற எட்டும் தங்களுக்குள் மோதும், அதிலும் வென்ற நான்கு அணிகள் நேரே கால் இறுதிக்குப் போகும். முதல் சுற்றில் தோற்ற எட்டும் தங்களுக்குள் மோதும், மறுபடி தோற்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஒரு தோல்வியோடு மிஞ்சியிருக்கும் எட்டு அணிகள் மூன்றாம் சுற்றில் மோதி மீதி நான்கு கால் இறுதி இடங்களைப் பிடிக்கும். இந்தக் கட்டத்துக்கு 20 ஆட்டம், வெளியேறுவது 8 அணிகள். முதல் நாளிலிருந்தே தோல்வி வலிக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: டப்ளினை இரண்டாகப் பிரித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

டப்ளினில் 14 லட்சத்துக்கு மேல் மக்கள், லீட்ரிமில் 35 ஆயிரம். அந்த இடைவெளி உண்மை. 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை அகில அயர்லாந்து பட்டம், 2011 முதல் 2024 வரை தொடர்ந்து 14 லெய்ன்ஸ்டர் பட்டம். ஆனாலும் கவுண்டி என்பது இங்கே பிறந்த மண். அதைக் கோடு கிழித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் யாருக்கும் சொந்தமாக இருக்காது. பணமும் பயிற்சியாளர்களும் மற்ற கவுண்டிகளுக்குச் சமமாகப் போகட்டும், அதுதான் வழி.

கேள்வி: இது ரக்பி மாதிரியா?

இல்லை. பந்து உருண்டை, கையாலும் காலாலும் ஆடலாம். வலைக்குள் போனால் 3 புள்ளி, கம்பத்துக்கு மேலே போனால் 1. 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பத்துக்கு மேலே அடித்தால் 2.

கேள்வி: மாகாணப் போட்டிகளையே ஒழித்துவிட வேண்டும். லெய்ன்ஸ்டரில் 11 அணி, மன்ஸ்டரில் 6. இது என்ன நியாயம்? லீக் அடிப்படையில் சாம்பியன்ஷிப் நடத்தும் திட்டத்தை 2021இல் தோற்கடித்தது பெரிய தவறு.

அந்தத் திட்டம் தோற்கவில்லை, எட்டவில்லை. 60 சதவீத வாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது 50.6. மாகாணப் போட்டியைக்கூட அது ஒழிக்கவில்லை, வசந்த காலத்துக்குத் தள்ளியது. ஆனால் அதில் வெல்வதற்கும் அகில அயர்லாந்துக்கும் தொடர்பில்லாமல் போயிருக்கும். நான் எதிர்த்தது அதைத்தான்.

2025 மே மாதம் லௌத் லெய்ன்ஸ்டர் பட்டத்தை வென்றது, 1957க்குப் பிறகு முதல் முறை. 68 வருடம்! இறுதியில் வென்றதும் மீத்தை, 3-14க்கு 1-18 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; மொத்தம் 23க்கு 21). 2010 இறுதியில் இதே மீத்துக்குக் கொடுத்திருக்கக் கூடாத ஒரு கோலால்தான் லௌத் தோற்றது. அன்று அழுத பெரியவர்கள் பலர் 2025 வரை உயிரோடு இல்லை. 2025இல் வென்ற மறுநாள் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கல்லறைக்குச் சிவப்புக் கொடி எடுத்துக்கொண்டு போனார்கள். லீக்கில் ஏழாம் இடம் பிடித்தால் இது நடக்குமா?

கேள்வி (அவரேதான்): உணர்ச்சி சரி. மன்ஸ்டர்? 2025இல் மூன்றாம் பிரிவில் இருந்த கிளேர், இறுதிக்கு வந்ததாலேயே சாம் மக்வயர் போட்டிக்குள் வந்தது. வெளியே இரண்டாம் பிரிவு அணி நின்றது.

இதில் பாதி நியாயம் உண்டு. 1936 முதல் 2025 வரை கெர்ரி, கார்க் தவிர மன்ஸ்டரை வென்றது இரண்டே முறை: 1992இல் கிளேர், 2020இல் டிப்பரரி. எட்டு மாகாண இறுதியாளர்களுக்கும் இடம் உறுதி என்பது எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. வென்ற நான்கு பேருக்கு மட்டும் இடம் கொடுங்கள், மற்றதை லீக் வரிசை தீர்மானிக்கட்டும். அவ்வளவு தூரம் உங்களோடு வருகிறேன்.

ஆனால் டிப்பரரியையே பாருங்கள். 1920 நவம்பர் 21, டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் டிப்பரரி டப்ளினோடு ஆடும்போதுதான் பிரிட்டிஷ் படை சுட்டது. 100 வருடமும் ஒரு நாளும் கழித்து, 2020 நவம்பர் 22 அன்று, டிப்பரரி 85 வருடத்துக்குப் பிறகு மன்ஸ்டரை வென்றது. அதே நாள் கேவன் அல்ஸ்டரை வென்றது. 1920இன் அதே நான்கு அணிகள் மீண்டும் அரையிறுதியில்! மாகாணப் போட்டிதான் அதைக் கொடுத்தது.

கேள்வி: டப்ளினைப் பிரிக்கலாமே?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: ஹர்லிங்கிலும் இதே முறையா?

அது மட்டையால் ஆடும் ஆட்டம், வேறு உலகம். ஹர்லிங் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இறுதிப் போட்டியை ஏன் செப்டம்பரிலிருந்து ஜூலைக்கு மாற்றினார்கள்? திரும்ப செப்டம்பருக்கே கொண்டுபோகலாமே?

தயவுசெய்து வேண்டாம். 2022இலிருந்து கவுண்டி ஆட்டம் ஜூலையோடு முடிந்து, அதன் பிறகு கிளப்புகளின் காலம் வருகிறது. கவுண்டி அணியில் ஆடுவது சில ஆயிரம் பேர், மீதி எல்லாரும் கிளப் ஆட்டக்காரர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், தச்சர், நர்ஸ் என்று வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எந்த வாரம் ஆட்டம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். முன்பு கவுண்டி தோற்கும் வரை கிளப் ஆட்டத்துக்குத் தேதியே வைக்க முடியாது, கல்யாணத்துக்கு நாள் குறிக்கக்கூடத் திண்டாடினார்கள். புதிய ஆட்டமுறை எதைக் கொண்டுவந்தாலும் அது எத்தனை வாரம் பிடிக்கும் என்று எண்ணிவிட்டு ஆதரியுங்கள்.

கேள்வி: டப்ளினை நான்காக...

இல்லை.

கேள்வி: அண்ணா, புதிய முறையில் முதல் இரண்டையும் வென்ற அணி கால் இறுதியில் தோற்றால் ஒரே தோல்வியில் வெளியேறுகிறது. முதலில் தோற்றவனுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பா?

நல்ல கேள்வி தம்பி, இதுதான் இந்த முறையின் பலவீனமான இடம். அவர்களுக்குக் கிடைக்கும் பலன் ஒரு ஆட்டம் குறைவு, கூடுதல் ஓய்வு. ஜூன் கடைசியில் காயங்கள் சேர்ந்திருக்கும்போது அது சின்ன விஷயமில்லை. போதுமா என்று கேட்டால், எனக்குப் போதும். கால் இறுதியிலாவது கத்தி தலைமேல் தொங்க வேண்டும். இரண்டாவது வாய்ப்புக்குப் பதிலாக, நேரே வந்த நான்கு அணிகளுக்கும் சொந்த மைதானத்தில் கால் இறுதி கொடுத்தால் இன்னும் சரியாக இருக்கும். எங்கள் கிளப்பின் அடுத்த கூட்டத்தில் இதைக் கவுண்டிக்குத் தீர்மானமாக அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.