திருப்பதி ஜூ பார்க்குக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்: டீச்சர் பதில்கள்

நகரிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வருடா வருடம் ஜனவரியில் ஐம்பது, அறுபது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு திருப்பதி ஜூ பார்க்குக்குப் போய், எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான். ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா என்று முழுப் பெயரைச் சொன்னால் இங்கே ஆட்டோக்காரருக்குக்கூடச் சட்டென்று புரியாது. ஜூ பார்க் என்றால் போதும். சங்கராந்தி லீவு நெருங்குவதால் கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

டீச்சர், எந்த நாள் போகலாம், எத்தனை மணிக்குக் கிளம்பணும்? (பள்ளிப்பட்டிலிருந்து ஓர் அம்மா)

செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை. இது தெரியாமல் வந்து கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் மூன்று நாளும் வேண்டாம். சங்கராந்தி லீவு இங்கே, பொங்கல் லீவு அங்கே என்று இரண்டு மாநிலக் கூட்டமும் ஒரே கேட்டில் வந்து நிற்கும். லீவின் முதல் இரண்டு நாள் நல்லது. இல்லையென்றால் பிப்ரவரி தொடக்கம்.

காலையில் கேட் திறக்கும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும். நகரியிலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். காலை முதல் இரண்டு மணி நேரம்தான் விலங்குகள் நடமாடும். பதினொரு மணிக்குமேல் அவை நிழலில், நாம்தான் வெயிலில். மே மாதம் என்றால் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கோடை லீவில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கு என் பதில்: நேரம் கிடைக்கும், விலங்கு கிடைக்காது.

ரயிலா, காரா? (திருத்தணி)

நான்கு பேருக்குள் என்றால் ரயில். திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா என்று ஜன்னல் பக்கம் பிள்ளைகளுக்கும் பொழுது போகும். நடுவில் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும். பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். என் வகுப்புப் பையன்களுக்கு அது ஒரு பந்தயம். திருப்பதியில் இறங்கி ஆட்டோ. சுமார் பத்துக் கிலோமீட்டர். ஏறும் முன்பே பேரம் பேசிவிடுங்கள், திரும்பி வரவும் சேர்த்து.

காலையில் மலையில் தரிசனம், மதியம் ஜூ, சாயங்காலம் வீடு. முடியுமா அக்கா? (சத்தியவேடு)

முடியும். ஆனால் செய்யாதீர்கள். நான் ஒரு தடவை செய்து பட்ட பாடு போதும்.

அக்கா மகனுக்கு மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, கீழே இறங்கி ஜூவுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. பையனுக்கு மூன்று வயது. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்து, வியர்வையில் கரைந்து, மஞ்சள் கோடாகக் கண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவன் கண்ணைக் கசக்குகிறான், அழுகிறான். பெரியவர்கள் முந்தின இரவு க்யூவில் தூங்காதவர்கள். அக்கா வீட்டுக்காரர் முதல் பெஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்தவர்தான், மான் கூடத் தாண்டவில்லை. டிக்கெட் வாங்கி ஆறு பேர் தூங்கிவிட்டு வந்தோம்.

தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜூவுக்கோ காலை நேரம்தான் நேரம். இரண்டையும் ஒரே நாளில் கட்டினால் இரண்டுமே கெடும். மலை ஒரு நாள், இரவு திருப்பதியில் தங்கல், மறுநாள் காலை ஜூ. தங்க வசதி இல்லையென்றால் ஜூவுக்குத் தனியாக இன்னொரு தடவை வாருங்கள். நாம் என்ன டெல்லியிலா இருக்கிறோம்?

5,532 ஏக்கர் என்கிறார்களே, முட்டிவலி மாமியாரை எப்படிக் கூட்டிப்போவது? (சித்தூர்)

கணக்கு சரிதான். 1987-இல் சேஷாசல மலையடிவாரத்தில் காட்டையும் சேர்த்து வளைத்துக் கட்டியதால் பரப்பு அவ்வளவு. நாம் சுற்றும் பகுதி அதில் ஒரு மூலைதான். ஆனால் அந்த மூலையே முட்டிவலிக்காரருக்கு அதிகம், ஒரு கூண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நல்ல தூரம் இருக்கும். பேட்டரி வண்டி உண்டு. உள்ளே போனதும் முதல் வேலையாக அதைக் கேளுங்கள், கூட்டம் சேர்ந்தால் இடம் கிடைக்காது. மாமியாருக்கு எல்லாவற்றையும் காட்டியே தீருவேன் என்று நிற்காதீர்கள். புலி, மயில், நல்ல நிழலில் ஒரு பெஞ்சு. அவருக்குத் திருப்தியாகிவிடும்.

சாப்பாடு கொண்டுபோகலாமா? (ஏகாம்பரகுப்பம்)

புளியோதரை, தயிர்சாதம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் கவர், தட்டு வேண்டாம். கேட்டிலேயே பிடுங்குவார்கள், பிடுங்குவதும் நியாயம்தான். எவர்சில்வர் டப்பா எடுத்துப்போங்கள், அதுவும் இறுக்க மூடியது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பெரிய ஆபத்து கூண்டுக்குள்ளே இருப்பது இல்லை, மரத்தின்மேல் இருப்பது. ஒரு தடவை எங்கள் கணக்கு டீச்சர் வாழை இலையில் கட்டிய புளியோதரையை மடியில் வைத்துப் பிரித்தார். குரங்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பொட்டலம் கிளைக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், வேர்க்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. சோற்றைத் தொடவில்லை. காய்ந்த மிளகாய் கையில் அகப்பட்டதும் முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கமே எறிந்தது. அறுபது பிள்ளைகளும் அன்றைக்குச் சிங்கத்தை மறந்துவிட்டார்கள்.

சிரித்தோம், சரி. ஆனால் கையில் பாக்கெட்டோடு சிறு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். குரங்கு பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லுங்கள், இழுத்தால் கடிக்கும்.

வாழைப்பழம் வாங்கி மானுக்குக் கொடுக்கலாமா? பாவம், பசியாக இருக்குமே. (கார்வேட்டிநகரம்)

கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டமே உயிரியல் பூங்கா விலங்குக்குத் தீனி போடுவதையும், சீண்டுவதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தால் பொம்மையோ என்று கல் போட்டுப் பார்க்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது.

போன தடவை சிங்கம் தூங்கிக்கொண்டே இருந்தது. பையன் ஏமாந்துவிட்டான். இந்தத் தடவை என்ன செய்யலாம்? (புத்தூரிலிருந்து ஓர் அப்பா)

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கழிக்கும் பிராணி. காட்டிலும் அப்படித்தான். சிங்க சஃபாரி வண்டி ஓடும் நாளாக இருந்தால் காலை முதல் வண்டியில் ஏறுங்கள், எழுந்து நடப்பதைப் பார்க்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம். அதற்கும் உத்தரவாதம் இல்லை. வீட்டிலேயே பையனிடம் இதைச் சொல்லிக் கூட்டிவந்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு என் முறை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, மூன்றே மூன்று விலங்கு தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஒவ்வொன்றின் எதிரிலும் பதினைந்து நிமிஷம். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. முதல் ஐந்து நிமிஷம் நெளிவார்கள். அப்புறம்தான் பார்க்கவே ஆரம்பிப்பார்கள்.

கரடியை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். ஒரு காலைப்பொழுது கரடி மரத்தடியில் குப்புறப் படுத்துத் தன் பாதத்தையே சப்பிக்கொண்டிருந்தது. தூங்குகிறது என்று மற்ற கூட்டமெல்லாம் போய்விட்டது. நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல் கேட்டது, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி, ஏறாமல் இறங்காமல். "டீச்சர், கரடி பாடுது" என்றாள் ஒரு குட்டி. பாதம் சப்பும்போது கரடி இப்படி முனகும். மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல் கரடிக்குக் கிடையாது, அந்தச் சந்து வழியாகக் கரையானை உறிஞ்சித் தின்னும், அப்போது மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். இதை வகுப்பில் சொன்னால் அவர்களுக்கு ஒரு மார்க் கேள்வி. அங்கே நின்று சொன்னேன், பத்து வருடம் கழித்தும் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவள் அதைத்தான் பேசினாள்.

அந்தப் பக்கம் சிறுத்தை வருகிறது என்கிறார்களே, குழந்தைகளோடு பயமில்லையா? (நாராயணவனம்)

நீங்கள் கேட்பது திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரி நடைபாதை. 2023 ஆகஸ்டில் அங்கே ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகுதான் மதியத்துக்குமேல் சிறு பிள்ளைகளை அந்தப் பாதையில் விடாமல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கூண்டு வைத்துப் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்ததும் இதே ஜூவுக்குத்தான். நடந்து மலையேறுகிறவர்கள் குழந்தையின் கையை விடக்கூடாது. ஜூவுக்குள், பகலில், பாதையைவிட்டு விலகாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

ஜூவுக்குள் நடந்த துயரம் மனுஷன் தேடிப்போனது. 2024 பிப்ரவரியில் ஒருவர் தடுப்பைத் தாண்டிச் சிங்கம் இருந்த இடத்துக்குள் குதித்தார், உயிர் போய்விட்டது. ஆகவே செல்ஃபிக்காகக் குழந்தையைத் தடுப்புச் சுவரில் உட்கார வைக்காதீர்கள். கை கால் முறிந்தால் புத்தூர் கட்டு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் எல்லா விழுதலுக்கும் புத்தூரில் கட்டு கிடையாது.

சிறுத்தையும் சீட்டாவும் ஒன்றுதானே? அப்புறம், பலகை தெலுங்கில் இருந்தால் எங்கள் பையனுக்குப் படிக்க வராது. (அரக்கோணம்)

வேறு வேறு. சிறுத்தையின் புள்ளி பூப்போல வளையமாக இருக்கும், மரம் ஏறும், நம் காடுகளில் உண்டு. சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று நல்ல பெயர் இருக்கிறது. அதன் புள்ளி கெட்டியான பொட்டு, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு. இந்தியாவில் அழிந்துபோய், 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு மறுபடி கொண்டுவந்தார்கள்.

பலகைக்குக் கவலை வேண்டாம், படம் இருக்கும். போகும் வழியிலேயே நான்கு தெலுங்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள்: நெமலி என்றால் மயில், மொசலி முதலை, கோதி குரங்கு. எலுகுபண்ட்டி என்றால் கரடி. எலுக என்றால் எலி. இரண்டையும் குழப்பிக்கொண்ட ஒரு பையன் கரடியின் முன்னால் நின்று, "எலி எங்கே டீச்சர்?" என்று தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளைப் புலி இமயமலைப் பனியில் வாழ்வது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். (ரேணிகுண்டா)

இல்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அது தனி இனம் இல்லை, நம் வங்கப்புலிதான். ஒரு மரபணு மாறியதால் மஞ்சள் வராமல் போய்விட்டது. 1951-இல் ரீவா மகாராஜா காட்டில் பிடித்த மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதான் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நிறம் விட்டுப்போகக் கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்தார்கள். மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள். பல புலிகளுக்கு மாறுகண் இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். அழகுதான், எனக்கு ஏனோ அதன் எதிரில் அதிக நேரம் நிற்கப் பிடிப்பதில்லை.

பத்தாவது படிக்கும் மகள், "அடைத்து வைத்ததைப் பார்க்க வரமாட்டேன்" என்கிறாள். என்ன சொல்லிக் கூட்டிவருவது? (குப்பம்)

அவள் சொல்வதில் தப்பில்லை, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் சர்க்கஸ் கதையைச் சொல்லுங்கள். நம் வயதில் சர்க்கஸில் சிங்கம் நெருப்பு வளையம் தாண்டியதைக் கைதட்டிப் பார்த்தோமே. 1998-இல் சிங்கம், புலி, கரடி, குரங்கு, சிறுத்தையை வைத்து வித்தை காட்ட மத்திய அரசு தடை போட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விலங்குகளை எங்கே விடுவது? காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது. அவற்றை வைத்துக் காப்பாற்ற அமைத்த மறுவாழ்வு மையங்களில் ஒன்று திருப்பதி. குட்டி போட விடாமல், வயதாகி இயற்கையாக முடியும்வரை வைத்துச் சோறு போட்டார்கள். அந்தத் தலைமுறை அனேகமாக முடிந்துவிட்டது.

இதைக் கேட்டும் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். சந்திரகிரிக் கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. மெட்ராஸ் கோட்டைக்கு 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கொடுத்தது இந்தச் சந்திரகிரி அரசின் காலத்தில்தான். அவளோடு ஒருவர் அங்கே போகட்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் செருப்பு வாங்கணுமா டீச்சர்? (நகரி, எங்கள் தெருவிலிருந்தே)

வேண்டாம், பழசையே போட்டு வா. போன வருடம் உன் அண்ணன் புது ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததை நான்தானே பார்த்தேன்.