முதல் பத்துப் பக்கம்: ஆங்கில நாவல் வகுப்பு பற்றிக் கேள்வி பதில்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் 26 ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். தமிழ்வழியில் படிக்கும் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு முழு நாவல் வாசிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அம்மா, என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் பாடநூலிலேயே தடுமாறுகிறார்கள். அவர்கள் கையில் நாவலைக் கொடுப்பது நியாயமா?

பாடநூலில் ஒரு பாடம் நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும். அதில் பழகிய சொல் அடுத்த பாடத்தில் தலைகாட்டாது. நாவலில் அப்படி இல்லை. அதே ஆட்கள், அதே இடம், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏழாவது முறை பார்க்கும்போது பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்த முகமாகிவிடுகிறது. தடுமாறும் பிள்ளைக்குத்தான் நாவல் அதிகம் தேவை.

பசிபிக் தீவு நாடான ஃபிஜியில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-81இல் வகுப்புக்குள் கதைப் புத்தகங்களைக் குவித்துப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் வாசிப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. அவர்கள் நம் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் வீட்டு மொழி அல்ல.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதல் பத்துப் பக்கத்தை வீட்டுப் பாடமாகக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைப்பது அங்கேதான். அந்தப் பத்துப் பக்கத்தையும் வகுப்பில் நீங்களே உரக்கப் படியுங்கள்.

எந்த நாவலில் தொடங்கலாம், டீச்சர்?

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1945இல் வெளிவந்த ‘அனிமல் ஃபார்ம்’. பத்தே அத்தியாயம். நேரான வாக்கியங்கள். இன்னொரு காரணமும் உண்டு.

பண்ணையில் விலங்குகள் ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதி வைக்கின்றன. எந்த விலங்கும் கட்டிலில் தூங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆறாம் அத்தியாயத்தில் பன்றிகள் கட்டிலில் தூங்கத் தொடங்குகின்றன. க்ளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. சுவரடிக்குப் போகிறது. ஆனால் அதற்கு எழுத்து தெரியுமே தவிர, கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆட்டைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறது. ஆடு படிக்கும்போது கட்டளையின் கடைசியில் ‘வித் ஷீட்ஸ்’ என்று இரண்டு சொல் கூடியிருக்கிறது. விரிப்போடுதான் தூங்கக் கூடாதாம்!

நான் அந்தப் பக்கம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஏழு கட்டளைகளையும் அட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவேன். அந்த நாள் காலை, பிள்ளைகள் வருமுன் அந்த இரண்டு சொல்லையும் அதே மையில் சேர்த்துவிடுவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, ஆங்கிலத்தில் வாயே திறக்காதவள், பாடத்தின் நடுவில் எழுந்து அட்டையைக் காட்டி, “டீச்சர், இது முன்னே இல்லை” என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஒரு வாக்கியத்தின் வாலில் ஒட்டும் இரண்டு சொல் என்ன செய்யும் என்பதை அதன் பிறகு அந்த வகுப்புக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரஷ்யப் புரட்சியையும் அதன் பின் வந்த ஸ்டாலின் ஆட்சியையும் விலங்குகளை வைத்துச் சொல்லும் கதை இது. ஆனால் வகுப்பில் ரஷ்யப் புரட்சி, ஸ்டாலின் என்று தொடங்காதீர்கள். பத்தாம் அத்தியாயம் முடிந்த பிறகு சொல்லுங்கள். அப்போது அவர்களே கேட்பார்கள்.

இரண்டாவதாக ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’ (1952). 84 நாள் மீன் படாத ஒரு கிழவரின் கதை. சொற்கள் எளிது, ஆனால் நடுப்பகுதியில் நகரத்துப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் நேர்மாறாக நடந்தது. பெரிய மீன் இழுக்கும்போது கிழவர் கயிற்றைப் படகில் கட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். கடலுக்குப் போய்ப் பழகிய ஒரு பையன், “கட்டினால் ஒரு வெட்டில் அறுத்துவிடும், டீச்சர். விட்டுத்தான் பிடிக்க வேண்டும்” என்றான். புத்தகத்திலும் அதே காரணம்தான். அன்று அவன்தான் ஆசிரியர்.

சுருக்கி எளிமையாக்கிய பதிப்புகளைக் கொடுப்பது தவறா, அம்மா?

தவறே இல்லை. சொற்களை எண்ணி அளந்து எழுதும் அந்த முறைக்கு நம் பக்கத்திலேயே வேர் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகளுக்காக 1920களில் அப்படிப்பட்ட வாசிப்பு நூல்களை உருவாக்கினார்.

அளவு பார்க்க ஒரு வழி: துணையில்லாமல் படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவை ஆராய்ந்த மொழியியலாளர் பால் நேஷன் போன்றோரின் கணக்கு. 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஐந்துக்கு மேல் போனால், தனியாகப் படிக்க அது கனமான புத்தகம். வகுப்பில் நீங்கள் கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

வகுப்பில் தமிழில் பேசலாமா?

தாராளமாக. ‘அனிமல் ஃபார்ம்’ கதையில் மூடிய வண்டியில் ஏற்றி அனுப்பப்படும் பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரைக்காக ஒரு பிள்ளை கோபப்படும்போது, அதை ஆங்கிலத்தில் சொல் என்று கேட்பது கொடுமை. தமிழில் பேசட்டும், பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதட்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது மட்டும் வேண்டாம். அதைத் தொடங்கியதும் பிள்ளைகளின் கண் புத்தகத்தை விட்டு உங்கள் வாய்க்கு வந்துவிடும்.

என் மகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

ஒரு பக்கத்துக்கு மூன்று சொல் என்று வரம்பு வையுங்கள். எந்த மூன்று என்று அவளே முடிவு செய்யட்டும். பக்கத்தை முடித்த பிறகுதான் அகராதி.

டீச்சர், நோட்ஸ் படித்தாலே மார்க் வந்துவிடுகிறதே, முழுப் புத்தகம் எதற்கு?

மார்க் வரும், தம்பி, மறுக்கவில்லை. ஆனால் பாக்ஸர் ஏமாற்றப்பட்டது என்று நோட்ஸ் ஒரு வரியில் சொல்லிவிடும். பாக்ஸரை ஏற்றிய வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் கழுதை படித்துச் சொல்லும் வரை மற்ற விலங்குகள் ‘போய் வா, பாக்ஸர்’ என்று கூவி வழியனுப்புகின்றன. அந்த அரைப் பக்கத்தை ஒருமுறை நீயே படித்துப் பார். பிறகு எனக்கு எழுது.

45 பேருக்கு எங்களிடம் ஆறு பிரதிகள்தான் இருக்கின்றன.

ஆர்வெல் 1950இல் இறந்தார், ஹெமிங்வே 1961இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுக்குப் பின் பதிப்புரிமை முடிந்துவிடும். எனவே இரண்டின் மூலத்தையும் நகலெடுத்துக் கொடுக்கத் தடையில்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துத் தைத்தால் செலவும் பரவிவிடும்.

எழுத்துக்கூட்டவே தெரியாத மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

நன்றாகப் படிக்கும் தோழரின் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் படிக்கும்போது அவர்கள் விரல் வரியோடு நகர வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை. எழுந்து படிக்கச் சொல்லாதீர்கள். இரண்டாவது மாதத்தில் ‘பாக்ஸர்’ என்ற பெயர் வருமிடத்தில் விரல் தானாக நிற்கும். நீங்கள் அந்த ஒரு சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு, அவர்களைப் பாருங்கள். அவர்களே சொல்லட்டும்.