நெய்வேலி நிலக்கரி, திருவக்கரை கல்மரம்: எது கனிமம்?

இரண்டும் மரத்திலிருந்து வந்தவைதானே, ஒன்று மட்டும் எப்படிக் கனிமம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, பார்க்க வேண்டியது அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைத்தான். பழுப்பு நிலக்கரியில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் உண்டு, ஆனால் கனிமத்துக்கு வேண்டிய நிலையான விகிதமோ, அணுக்கள் ஒரே முறையில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் படிக ஒழுங்கோ கிடையாது. சுரங்கச் சட்டம் கனிமம் என்றாலும் அறிவியல் அப்படிச் சொல்லாது.

புதுச்சேரி பக்கத்துத் திருவக்கரையிலோ, நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) மரத்தின் திசுக்களுக்குள் புகுந்து படிந்து, பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமமாகவே ஆகிவிட்டது. இதில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் 4 ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு ஆக்சிஜனும் 2 சிலிக்கானுக்குப் பொது, இந்தப் பிணைப்பு எல்லாத் திசையிலும் வலுவாக இருப்பதால் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது 7, சாதாரணக் கத்தி கீறாது, தட்டினால் தளமாகப் பிளக்காமல் கண்ணாடி மாதிரி வளைவான பரப்போடு உடையும்.

அப்புறம், கல்மரத்தைக் கீறிப் பார்க்காதீர்கள், அது இருப்பது பாதுகாக்கப்பட்ட பூங்கா. கீறிப் பார்க்கத் தென்பெண்ணை ஆற்று வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல் போதும்.