வெயிலில் மங்கும் கண்

கேள்வி: எனக்கு 34 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மூன்று வருடமாக எம்.எஸ். எனும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நரம்பு நோய்க்கு மருந்து எடுக்கிறேன். நோய் முதலில் தெரிந்தது வலது கண்ணில். இந்தத் தைப்பூசத்தில் காலை பத்து மணிக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினேன். பாதிப் படியில் அதே கண்ணைப் புகை மூடியதுபோல் இருந்தது, காலும் துவண்டது. தம்பி ஐஸ் தண்ணீர் வாங்கி வந்து கழுத்தில் ஊற்றினான். அரை மணி நேரத்தில் பார்வை தெளிந்தது. நரம்பு இன்னும் கெட்டுவிட்டதா டாக்டர்? இனிமேல் மலைக்கே போகாதே என்கிறார் மாமியார்.

பதில்: இல்லைம்மா. அரை மணியில் தெளிந்ததே, அதுதான் நல்ல சேதி.

ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890இல் எழுதிவைத்தது உங்கள் கதையைத்தான். உடலை வருத்தினால் பார்வை மங்குகிறது, ஓய்ந்தால் திரும்புகிறது. களைப்பால் என்று அவர் நினைத்தார். உடம்புச் சூடுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே இந்த நோயைச் சோதித்தார்கள். கொடுமை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் நரம்புச் சோதனை அறையில் ஏர்கான் குளிரில் கை சில்லிட்டிருந்தால், சூடேற்றிய பிறகுதான் அளப்போம். குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், சூட்டில் வேகமாகப் போகும். அப்படியானால் வெயில் உங்களுக்கு நல்லதுதானே செய்ய வேண்டும்?

வேகம் வேறு, போய்ச் சேர்வது வேறு. நரம்பிழையைச் சுற்றி மயலின் உறை இருக்கிறது. உறைக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் சோடியம் நுழையும் நுண்வாசல்கள் திறந்து, செய்தியை அடுத்த இடைவெளிக்குத் தள்ளுகின்றன. உறை நன்றாக இருந்தால் தேவையைவிடப் பல மடங்கு மின்விசை கிடைக்கும். உங்கள் கண் நரம்பில் எம்.எஸ். இந்த உறையை அரித்த இடத்தில் மின்விசை கசிந்து, மட்டுமட்டாகத்தான் மிஞ்சுகிறது. சூடு ஏறினால் வாசல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். மட்டுமட்டாக இருந்ததும் போதாமல், செய்தி அங்கேயே நின்றுவிடும். சிலருக்கு அரை டிகிரி ஏறினாலே போதும். குளிர்ந்ததும் வாசல்கள் சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும்; பழைய அரிப்பு அப்படியே இருந்தாலும் செய்தி தாண்டிவிடும்.

காய்ச்சலிலும் இதே கூத்துதான். சிறுநீர்த் தொற்று ஒளிந்திருந்தாலும் வரும். உடம்பு குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மங்கல் நீடித்தாலோ, புதிதாக வேறெங்கும் மரத்துப்போனாலோ உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நடப்பதையும்தான்.

மலையா? 513 படியையும் விடியுமுன் ஏறுங்கள். கழுத்தில் ஈரத் துண்டு, கையில் ஐஸ் தண்ணீர். கண் மங்கத் தொடங்கியதும் உட்கார்ந்துவிடுங்கள். படியில் கால் துவண்டால் ஆபத்து. மாமியாரையும் கூட்டிப்போங்கள். ஐஸ் பையை அவர் தூக்கட்டும்.