முடிச்சூரில் எதற்கு நெருப்பு கடைவது?

அன்புள்ள அண்ணா,

நான் சென்னையில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் இருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தோம், படகு வந்துதான் எங்களை இறக்கியது. சார்ஜ் தீரும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர அன்று நான் வேறொன்றும் செய்யவில்லை. அந்த உறுத்தலில் கொஞ்ச நாளாக, பேரிடரில் பிழைத்துக்கொள்ளும் வித்தைகளை யூடியூபில் பார்த்து வருகிறேன். கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்குவது, கிளைகளை வைத்துக் குடில் போடுவது, காட்டில் தின்னக்கூடிய இலைகளைக் கண்டுபிடிப்பது என்று நிறைய இருக்கிறது. பெரிய கத்தி, பாராசூட் கயிறு, வாயில் வைத்து உறிஞ்சும் தண்ணீர் வடிகட்டி, இவற்றைப் போட ஒரு பை எல்லாம் வாங்கிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் சிரிக்கிறார்கள். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். எனக்கு நீச்சல் தெரியாது. முழுக்கப் புதியவன் நான், எதிலிருந்து ஆரம்பிப்பது? இல்லை, இது வெட்டி வேலையா?

க., முடிச்சூர்

அன்புள்ள க.,

வெட்டி வேலை இல்லை. ஆனால் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று இவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, அம்மாவின் இன்சுலினையும் உங்கள் நீச்சலையும் ஆளுக்கொரு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்த இரண்டு வரிகளில்தான் தொடங்குவேன்.

நீங்கள் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்தேசத்துக் காட்டில் வழி தவறியவனுக்கானவை. அவனுக்கு நெருப்பு உயிர். உங்களுக்குக் கார்த்திகை மாதத்தில் முடிச்சூரில் கடைவதற்குக் காய்ந்த கட்டையே கிடைக்காது, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தீப்பெட்டி போதும். பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல பொழுதுபோக்குதான். நம் பக்கத்து வெள்ளத்தில் ஆளைக் கொல்வது வேறு: ஓடும் தண்ணீர், தண்ணீருக்குள் இருக்கும் மின்சாரம், மூடி இல்லாத பாதாளச் சாக்கடை, பாம்பு, வடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும், நேரத்துக்குக் கிடைக்காத மருந்து.

முதலில் உங்கள் ஊருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015 என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி என்பார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் உங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூருக்குள் புகுவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். டிவியில் செம்பரம்பாக்கம் மதகைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்பே உங்கள் தெருவில் முழங்கால் அளவு வந்துவிட்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த ஏரிகளின் கலங்கலை, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை, பாருங்கள். அங்கிருந்து வாய்க்கால் எங்கே போகிறது, எங்கே குறுகுகிறது, உங்கள் தெருவில் எது பள்ளம், எந்த வழியாகப் போனால் மேடு என்று பாருங்கள். 2015-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய குடியிருப்புக்காரர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். இதைவிட உபயோகமான பயிற்சியை நான் சொல்லிவிட முடியாது, செலவு பெட்ரோல் மட்டும்தான்.

வானிலை அறிக்கையைப் படிப்பதும் ஒரு வித்தைதான். அதில் வரும் கனமழை, மிக கனமழை, அதி கனமழை ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ‘அதி’ என்ற எழுத்தைப் பார்த்த அன்று மாலையே வண்டியை மேட்டில் நிறுத்திவிட வேண்டும், கீழ்த்தளச் சாமான்களை மேலே ஏற்றிவிட வேண்டும். இரவு தண்ணீர் வந்த பிறகு செய்யலாம் என்று விட்ட வேலை எதுவும் நடப்பதில்லை.

இனி நீச்சல். போட்டிக்கு நீந்துவதுபோல் நீந்தத் தேவையில்லை. பதறாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு விட்டுக்கொண்டிருக்கத் தெரிந்தால் போதும். கிராமத்தில் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் கற்றுக்கொண்டார்கள், உங்களுக்கு நகரத்தில் நீச்சல் குளங்கள் இருக்கின்றன, கற்பிக்க ஆட்களும் இருக்கிறார்கள். வெட்கப்படாமல் பத்து வயதுப் பிள்ளைகளோடு நில்லுங்கள். ஆனால் நீச்சல் வந்துவிட்டது என்று வெள்ளத்தில் இறங்கிவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் உயரம் இருந்தாலே நல்ல ஆளையும் சாய்த்துவிடும். ஓரடித் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிவிடும். வேறு வழியே இல்லாமல் தேங்கிய தண்ணீரில் நடக்க நேர்ந்தால் கம்பு ஊன்றி, அது தரையைத் தொட்ட இடத்தில் மட்டும் காலை வையுங்கள். கரண்டுக் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் இருக்கும் பக்கம் போகவே கூடாது.

மூழ்குகிறவரைப் பிடிக்கக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய கதைகளை எல்லா ஊரிலும் சொல்வார்கள். குதிக்காதீர்கள், எறியுங்கள். மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒரு ஆளை மிதக்க வைக்கும். அதில் கட்டுவதற்கு நீங்கள் வாங்கிய பாராசூட் கயிறு சரிப்படாது, ஈரக் கையில் ஆள் பாரத்தோடு இழுத்தால் உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றுக் கடையில் விரல் தடிமனுக்கு நைலான் கயிறு வாங்குங்கள். காசிமேட்டிலோ கோவளத்திலோ மீனவர் ஒருவரிடம், இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். 2015-இல் சென்னைத் தெருக்களில் படகு ஓட்டி வந்து ஆட்களை ஏற்றியவர்களில் மீனவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாரும் பை தயாரித்து வைத்திருந்தவர்கள் இல்லை.

அந்த வடிகட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலை ஓடையில் அது பயன்படலாம். சாக்கடையும் டீசலும் கலந்து நிற்கும் தெருத் தண்ணீரில் வைத்து உறிஞ்சாதீர்கள், ரசாயனத்தை அது பிரிக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால், மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். ஐப்பசி பிறந்ததும் இரண்டு கேன் கூடுதலாக வாங்கி மாடியில் வையுங்கள், முடிந்தது. வெள்ளம் புகுந்த சம்ப் தண்ணீரைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை. அடுப்பே இல்லாவிட்டாலும் அவல் ஊறிவிடும்.

அம்மாவின் இன்சுலின்தான் உங்கள் வீட்டின் முதல் ஏற்பாடு. பிரிக்காத குப்பிகளுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். பிரித்து உபயோகத்தில் இருப்பது, சூடு படாத இடமென்றால், பொதுவாக நாலு வாரம் வரை வெளியே தாங்கும். அம்மா போடும் மருந்துக்கு எத்தனை நாள் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி ஒட்டுங்கள். கரண்ட் போனால், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கும் பழைய வழி இன்றும் வேலை செய்கிறது. ஐஸ் மேல் நேரடியாக வைக்க வேண்டாம், உறைந்தால் மருந்து கெட்டது. மழைக்காலத்தில் இரண்டு வார மருந்தும் ஊசியும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கத்தி வாங்கிய காசுக்கு இது கிடைத்திருக்கும் என்று சொல்லிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம், சும்மா நினைவுக்கு வந்தது.

மின்சாரத்துக்கு ஒரே விதி: தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். ஸ்விட்ச் போர்டு ஏற்கெனவே நனைந்துவிட்டால் தொடாதீர்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரில் கரண்ட் இருக்கும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அது தரையில்தான் இருக்கும், ஆள் வைத்து மேலே மாட்டுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கேடு. ஆளை அசையாமல் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முதலுதவியை மட்டும் காணொளியில் கற்காதீர்கள். இதயத் துடிப்பு நின்றவரின் நெஞ்சை அழுத்தும்போது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று படிப்பது சுலபம். பயிற்சிப் பொம்மையை அழுத்திப் பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும், எத்தனை சீக்கிரம் கை சோர்கிறது என்று புரியும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் வகுப்பு நடத்துகின்றன. தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு முதலில் மூச்சு ஊத வேண்டும், அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒற்றை ஆளாகப் பையோடு தப்பிக்கும் கனவு அந்தக் காணொளிகளில் நிறைய. 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான் எடுத்தார்கள். மீட்புப்படை வந்து சேர நேரமாகும். உங்கள் தெருவில் நர்ஸ் யார், எலக்ட்ரீஷியன் யார், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் எந்த வீடு, யார் வீட்டு மாடிக்கு எல்லோரும் போகலாம், பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, பொது அவசரத்துக்கு 112. செல்போன் செத்துப்போனால் எண்களும் போய்விடும், ஆகவே தாள். கூடவே பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ.

வீட்டில் சிரிப்பவர்களை வாதாடி மாற்ற வேண்டாம். ஆவணிக்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டு, குழாயையும் திறக்காமல், ஞாயிறு மதியம் வரை மூன்று பேரும் இருந்து பாருங்கள். டார்ச்சுக்கு பேட்டரி இல்லை, கேனைத் தூக்கிச் சாய்க்க அப்பாவால் முடியவில்லை, கழிப்பறைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் ராத்திரி பத்து மணிக்குள் தெரிந்துவிடும். அடுத்து என்ன வாங்குவது என்று அம்மாவே பட்டியல் சொல்லுவார்.