ஊம் கொட்டும் பழக்கம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் இதழியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எழுத்தில் பெயர் வாங்கிய எனக்கு வீடியோ வகுப்பு என்றாலே பயமாக இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவைக் கைபேசியில் 40 நிமிடம் எடுத்தேன். மூன்று நிமிடம்கூடத் தேறவில்லை; இரைச்சலும் என் குரலும்தான் கேட்கின்றன. பின்னணி இசை போட்டுச் சமாளித்துவிடலாமா? அவர் வீட்டில் எடுத்த காட்சிகளில் டியூப்லைட் வேறு அலையலையாக மின்னுகிறது. கடன் வாங்கியாவது நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

இதழியல் மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

கேமராவுக்காகக் கடன் வாங்காதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கைபேசியோ பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம், எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது; இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்த அலை. அதை 25 ஆக்கி, ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் நிறுத்துங்கள், மின்னல் அடங்கிவிடும்.

பின்னணி இசை என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வியாபார நேரத்தில் 40 நிமிடத்தை உங்களுக்காக ஒதுக்கிப் பேசிய ஒருவரின் சொற்களை வயலின் போட்டு மூடுவதற்கு நீங்கள் இதழியல் படிக்க வேண்டியதில்லை. அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை 'என் குரலும்' என்ற இரண்டு சொற்கள். என் பயிற்சிக்காலத்து மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளைச் சில வாரங்களாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 60 நிமிடக் கேசட்டை ஏற்ற 60 நிமிடம் ஆகும் என்பதால், அத்தனையையும் உட்கார்ந்து கேட்க நேர்கிறது. அவற்றில் ஒன்றில் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் குழித்தறியில் அமர்ந்திருக்கிறார். மகனுக்கும் தறி வேலை கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்கிறேன். "இல்லை" என்கிறார். மிதியை அழுத்தி, ஊடுநூலைக் கொண்டோடும் நாடாவை இரண்டு முறை ஓடவிட்டு, கையை நிறுத்துகிறார். பிறகு தணிந்த குரலில், "அவன் கேட்டான், நான்தான்..." என்று தொடங்குகிறார். அந்த இடத்தில் என் குரல் விழுகிறது: "ம்... சரிங்கய்யா." அவர் சொன்ன அடுத்த சொற்கள் அதன் அடியில் போய்விட்டன. பத்து முறைக்கு மேல் கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. அதற்குப் பின் அவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. 'சரிங்க' என்பது நம் பேச்சில் ஒப்புதல் மட்டும் அல்ல, 'போதும், முடித்துக்கொள்ளலாம்' என்பதும் அதுதான். நான் மரியாதையாகச் சொன்னதை அவர் விடைகொடுத்ததாக எடுத்துக்கொண்டார்.

ஊம் கொட்டுவது நமக்கு வீட்டிலேயே பழகியது. கதை கேட்கும் பிள்ளை 'ஊம்' சொல்லாவிட்டால் தூங்கிவிட்டது என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். குறிப்பேட்டுடன் செல்லும் நிருபருக்கு இந்தப் பழக்கம் துணை செய்கிறது; நாம் எத்தனை முறை 'ம்' சொன்னாலும் அது தாளில் ஏறுவதில்லை. ஆகவேதான் எழுத்திலிருந்து வீடியோவுக்கு வருபவர்களிடம் இந்தக் குறை அதிகமாகத் தெரிகிறது. ஒரே மைக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த குரல்களைப் பிரிக்க இப்போது மென்பொருள்கள் உண்டு; ஆனால் அவை நமக்கு வேண்டிய குரலையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன.

வெறுமனே வாயை மூடிக்கொண்டாலும் சரியாகாது. நம் மக்கள் அதை அலட்சியம் என்று நினைப்பார்கள். பதிவைத் தொடங்கும் முன்பே, "அம்மா, நீங்க பேசும்போது நான் பதில் சொல்லமாட்டேன், தலையைத்தான் ஆட்டுவேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். கண்களை அவர் முகத்திலேயே வையுங்கள். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதலில் அந்த ஐந்து விநாடி தாங்க முடியாததாக இருக்கும். தாங்குங்கள், ஏனென்றால் நாம் கேட்கத் தெரியாமல் விட்டதை அவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் சொல்கிறார்கள்.

சந்தை இரைச்சலைக் குறைக்க, சட்டையில் செருகும் சிறிய மைக் ஒன்றை வாங்கி, அவர் மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திவிடுங்கள். இயர்போனில் கேட்டுப் பார்க்காமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் மறுபடியும் செல்லுங்கள், மீன் ஏலம் ஓய்ந்த பிறகு செல்லுங்கள். பேட்டி முடிந்ததும் எழுந்துவிடாமல், யாரும் பேசாத அந்த இடத்தின் ஒலியை மட்டும் 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளை ஒட்ட அது தேவைப்படும். வீடியோவை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த 30 விநாடியை எனக்கு அனுப்புங்கள்.