தோளில் தூங்குகிறாள், கீழே வைத்ததும் விழித்துக்கொள்கிறாள்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 7 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பாலும் இரண்டு வேளை திட உணவும் எடுத்துக்கொள்கிறாள், எடை நன்றாக ஏறுகிறது. தூக்கம்தான் பிரச்சினை. பால் குடித்துக்கொண்டே தூங்குவாள், இல்லையென்றால் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடக்க வேண்டும். கீழே வைத்த அடுத்த நிமிடம் கண்ணைத் திறந்துவிடுகிறாள். இரவில் ஐந்தாறு தடவை எழுந்து அழுகிறாள். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அழ விட்டால் தானாகப் பழகிவிடும் என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார், அது குழந்தையின் மனதைப் பாதிக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். தானாகத் தூங்குவதற்கு அவளைப் பழக்க முடியுமா?

பதில்: முடியும். 7 மாதம் அதற்கு நல்ல வயதும்கூட. இதுவரை தோளில் போட்டுத் தூங்க வைத்துப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற கவலை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது, உடலின் உள்கடிகாரம் ஓடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும், அந்தக் காலத்தில் கையில் வைத்துத் தூங்க வைப்பதுதான் எல்லாரும் செய்வது, செய்ய வேண்டியதும். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள், இன்னொரு வழியைக் கற்றுக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

முதலில் அவள் ஏன் எழுகிறாள் என்று சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் தூக்கம் மெலிந்து, குழந்தை லேசாக விழிக்கும். நமக்கும் இப்படித்தான், புரண்டு படுத்துத் திரும்பத் தூங்கிவிடுகிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. இரவு முழுக்கக் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ‘என் பிள்ளை விடியும்வரை அசையாமல் தூங்கும்’ என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இரவில் விழிப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, கையைச் சப்பிக்கொண்டு அல்லது தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவள் தூங்கியபோது கன்னத்தில் உங்கள் தோளின் சூடு இருந்தது, உடம்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, வாயில் பால் இருந்தது. விழித்துப் பார்க்கிறாள், முதுகுக்குக் கீழே அசையாத மெத்தை, எதுவும் ஆடவில்லை, உங்கள் வாசனை இல்லை. எப்படித் தூங்கினாளோ அதையே தேடி அழுகிறாள், அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதனால் நள்ளிரவு விழிப்புகளோடு போராடுவதைவிட, இரவு முதல்முறை தூங்கப் போகும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை மாற்றுவதில்தான் நான் எல்லாரையும் கவனம் வைக்கச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நேரம். இதைச் சரி செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் குறைவு. 4 முதல் 12 மாதம் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை. மாலை ஆறரை வரை தூங்கி எழுந்த குழந்தையை ஏழரைக்குப் படுக்க வைத்தால் அவள் எப்படித் தூங்குவாள்? 7 மாதத்தில் கடைசிப் பகல் தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் நடுவே பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் விழிப்பு வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் களைத்துப்போய் இன்னும் அதிகமாக அழுவார்கள். ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது உண்மையிலேயே தூங்கினாள், எப்போது எழுந்தாள். பேச்சை நிறுத்தி எங்கேயோ வெறித்துப் பார்ப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, காதைத் தடவுவது, இவைதான் முதல் அறிகுறிகள், கண்ணைக் கசக்கி அழ ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ஒன்பது மணிக்குத்தான் தூங்குகிறாள் என்றால் ஒன்பதிலிருந்தே தொடங்குங்கள், சீக்கிரம் தூங்கப் பழகியபின் 15 நிமிடம் 15 நிமிடமாக முன்னால் கொண்டு வரலாம்.

அப்புறம் பால். இதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான மாற்றம். பாலைத் தூக்கத்திலிருந்து பிரித்துவிடுங்கள், பாலைக் குறைக்க வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். படுக்கைக்கு அரை மணி நேரம் முன்பு, விளக்கு எரியும்போதே, முகத்தைப் பார்த்துக்கொண்டு வயிறு நிறையக் கொடுங்கள். கண் சொக்கினால் பேச்சுக் கொடுத்து, பாதத்தை வருடி எழுப்பி முடித்துவிடுங்கள். அதன்பிறகு துடைத்து, டயப்பர் மாற்றி, இரவு உடுப்புப் போட்டு, அறையை மங்கலாக்கி, ஒரே பாட்டைத் தினமும் பாடுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் அந்தப் பாட்டு தொடங்கியதுமே அவள் உடம்பு தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள். இந்த நேரத்தில் ஃபோன், டிவி வெளிச்சம் வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் கண் திறந்திருக்கும்போதே கீழே வைக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் வைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள், சின்னக் குழந்தைக்கு அது சரி, ஆனால் 7 மாதக் குழந்தை சொக்கிவிட்டால் தூங்கும் வேலையின் முதல் பாதியை உங்கள் தோளிலேயே முடித்துவிட்டாள் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு விழித்திருக்கட்டும், பரவாயில்லை.

அழுவாள். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாம் ஒரு பழக்கத்தை மாற்றுகிறோம், தன் எதிர்ப்பைச் சொல்ல அவளிடம் இருப்பது அழுகை மட்டும்தான். அவளைத் தனியாக விட வேண்டியதில்லை. உங்களுக்கு நான் சொல்லும் வழி, பக்கத்திலேயே இருப்பது. முதல் மூன்று நான்கு இரவு தொட்டிலை ஒட்டி உட்காருங்கள், வயிற்றில் கை வைத்து மெல்லத் தட்டுங்கள், ‘தூங்கும்மா, அம்மா இங்கேதான் இருக்கேன்’ என்று ஒரே வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அழுகை ஏறி மூச்சு வாங்கினால் தூக்குங்கள், அடங்கியதும், தூங்குவதற்கு முன்பே, மறுபடி கீழே வையுங்கள். முதல் நாள் இப்படிப் பத்துத் தடவைகூட ஆகலாம். அப்புறம் தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் வையுங்கள், பிறகு கையையும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாற்காலியைக் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கதவருகே வந்துவிடுவீர்கள். சில குழந்தைகளுக்கு அம்மா எதிரே இருந்தும் தூக்காமல் இருப்பதுதான் கோபத்தை ஏற்றும். அப்படியென்றால் வெளியே வந்து 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளி விட்டு உள்ளே போய் ஒரு நிமிடம் ஆறுதல் சொல்லி வருவது சுலபமாக இருக்கும்.

இரண்டாம் மூன்றாம் இரவு முதல் இரவைவிட மோசமாக இருக்கலாம். அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நாற்பது நிமிடம் அழ வைத்துவிட்டு அப்புறம் பால் கொடுத்துத் தூங்க வைத்தால், நாற்பது நிமிடம் அழுதால் பால் வரும் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். தாங்க முடியாது என்று தோன்றினால் தொடங்காமல் இருப்பதே மேல். தொடங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அப்பா படுக்க வைத்தால் பல குழந்தைகள் சீக்கிரம் அடங்குவார்கள், அவரிடம் பால் வாசனை இருக்காது.

அழுகையால் மனசு பாதிக்குமா என்ற கேள்விக்கு ஆய்வுகளில் நல்ல பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 326 குழந்தைகளோடு தொடங்கிய ஆய்வில், நான் மேலே சொன்ன இரண்டு முறைகளையும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு 6 வயதானபோது திரும்பப் பார்த்ததில் மனநலத்திலோ நடத்தையிலோ பெற்றோரோடு உள்ள நெருக்கத்திலோ கெடுதல் எதுவும் இல்லை. அதன் முடிவு 2012-இல் வெளியானது. அதே ஆய்வில், கற்றுக்கொடுக்காத வீட்டுக் குழந்தைகளும் 6 வயதில் அதே மாதிரிதான் தூங்கினார்கள். அதாவது இதைச் செய்யாவிட்டாலும் உங்கள் மகள் கெட்டுப்போக மாட்டாள். உங்களுக்கும் அவளுக்கும் இப்போது தூக்கம் வேண்டும், அதற்காகச் செய்கிறோம்.

இரவு எழும்போது உடனே ஓட வேண்டாம். ஒரு தாய் தன் குழந்தை இரவில் ஏழு தடவை எழுகிறது என்று வந்தார், வீடியோ எடுத்து வரச் சொன்னேன். குழந்தை முனகுகிறது, காலை உதைக்கிறது, முகத்தைச் சுளிக்கிறது, ஆனால் கண் மூடித்தான் இருக்கிறது. இருபது நொடிக்குள் அம்மாவின் கை உள்ளே வந்து தூக்குகிறது, அப்போதுதான் குழந்தை கண்ணையே திறக்கிறது! ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கவனியுங்கள். உண்மையாகவே விழித்து அழுதால், படுக்கும்போது செய்த அதையே செய்யுங்கள்.

இரவுப் பால் முழுக்க நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 7 மாதத்தில் ஒரு தடவை, சிலருக்கு இரண்டு தடவை பசிப்பது இயல்பு. கடைசிப் பாலுக்குப் பிறகு நான்கைந்து மணி நேரம் கழித்து வரும் விழிப்பில் கொடுங்கள், விழித்த நிலையிலேயே படுக்க வையுங்கள். மற்ற விழிப்புகளுக்குப் பால் வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தை எட்டு மணி நேரம் தூங்குகிறது என்பதை அளவாக வைக்காதீர்கள். கனடாவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை, அவர்களுடைய வளர்ச்சியில் குறை எதுவும் தெரியவில்லை.

பகல் தூக்கத்தை இப்போது தொட வேண்டாம். தோளிலேயே தூங்கட்டும், இரவு பழகியபின் பார்க்கலாம்.

படுக்கை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான, சமமான மெத்தை மட்டும் இருக்கட்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. தானாகவே இரு பக்கமும் உருளத் தெரிந்தவள் குப்புறத் திரும்பினால் அப்படியே விடலாம். உருள ஆரம்பித்த குழந்தையைத் துணியில் சுற்றக் கூடாது. தொட்டில் உங்கள் அறையிலேயே இருக்கட்டும். களைப்போடு சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள், அங்கே இருவரும் தூங்கிவிடுவதுதான் மிக ஆபத்தானது. தூக்கம் வருவதற்காகச் சளி, அலர்ஜி சிரப் எதையும் கொடுக்கவே கூடாது.

குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், படுக்க வைக்கும்போது மட்டும் வலியில் துடிப்பது போல அழுதால், இரவெல்லாம் சொறிந்தால், எடை ஏறாமல் நின்றால், இந்தப் பழக்கத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேரில் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலும் நிறுத்திவிட்டு, குணமானபின் மறுபடி தொடங்கலாம்.

வேலைக்குத் திரும்ப ஒரு மாதம் இருக்கிறது, அதனால் இந்த வாரமே நேரத்தை எழுதத் தொடங்கி, அடுத்த வாரம் இதை ஆரம்பியுங்கள். வேலையில் சேரும் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், இந்த வயதில் பிரிவுப் பயமும் தலைகாட்டும். சேர்ந்தபின் சில இரவுகள் மறுபடி எழுந்தால் அதே பாட்டு, அதே வாக்கியம் போதும். இன்னொன்று, குழந்தை தூங்கியபிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகையாக வந்து, எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரம் இருந்தால், அதைக் களைப்பு என்று தள்ளிப்போடாமல் உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.